அல்பேர்ட் மாஸ்டரின் இருட்டு வகுப்பு

ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் தமிழ் ஆட்களிடம் "மாஸ்டர் வீடு எங்கை" என்று கேட்டால் போதும். எந்த மாஸ்டர் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ரயில் நிலையத்திலிருந்து மேடேறிப் போனால் வரும் கடைசி அடுக்குமாடிப் புளொக், கூரையில் பெயர்ப்பலகை வைத்த வெள்ளைக் கார் வாசலில் நிற்கும் என்று வழி சொல்லி விடுவார்கள். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குப் படிப்பித்தவருக்கும், மிருதங்கம் பழக்குகிறவருக்கும் கிடைக்காத பட்டம் கார் ஓடப் பழக்குகிற அல்பேர்ட்டுக்குக் கிடைத்திருந்தது. அவரும் அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டுதான் திரிந்தார்.

நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். கார் பழக்குகிற அனுமதி அவருக்குச் சும்மா கிடைத்ததல்ல. பகலெல்லாம் ஒஸ்லோ பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு, வாயில் நுழையாத நொஸ்க், அதுதான் நோர்வே மொழிச் சொற்களை ஒவ்வொன்றாகக் கடித்துத் துப்பிப் படித்த மனிதன் அவர். ஒருமுறை தோற்று, மறுமுறை எழுதி வென்றார். அந்தக் காலத்து அல்பேர்ட்டை அவர் மனைவி கரோலினாவுக்கு நன்றாகப் பிடிக்கும். முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்றுவிட்டுக் கால் வீங்கி வருகிறவளுக்குத் தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டுப் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார். அந்தத் தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்திருப்பார். அதையும் அவள் குடித்துவிடுவாள்.

அனுமதிப் பத்திரம் வந்த நாளோடு அந்த மனிதன் வீட்டை விட்டுப் போய்விட்டான், மாஸ்டர் வந்து குடியேறினார். அரசாங்கம் கொடுத்த தாளுக்குத் தங்க நிறச் சட்டம் அடித்து, வரவேற்பறையில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஆண்டவருக்கென்று எரிந்த சிவப்பு மின்குமிழின் வெளிச்சம் பாதி அந்தத் தாளுக்கும் போனது. வீட்டுக்கு வருகிறவர்கள் சிலுவை போட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது தாளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பார்க்காமல் கதிரையில் உட்காருகிறவரை மாஸ்டருக்குப் பிடிக்காது.

பழக வருகிறவர்களை அவர் பேசும் பேச்சைக் கேட்க வேண்டும். "பிரேக்கை மிதியுங்கோ எண்டால் உலக்கை போடுறதே?" என்பார். "உந்தக் கண்ணாடி பூசி மினுக்கிறதுக்கு வைச்சதில்லை" என்பார். சனம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இறங்கும்போது "நன்றி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போகும். வேறு பள்ளிக்குப் போனால் நொஸ்க்கில் பேச்சு வாங்க வேண்டும். தமிழில் பேச்சு வாங்கினால் உடனே விளங்குகிறது, அவ்வளவுதான்.

இனி அந்த இருட்டு வகுப்பு. நோர்வேயில் லைசென்ஸ் எடுக்க வருகிறவர், எந்த வயதானாலும், ஒரு வகுப்பைத் தப்ப முடியாது. குளிர்காலத்தில், நன்றாக இருட்டிய பிறகு, விளக்கில்லாத றோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். கறுப்பு உடுப்புப் போட்ட ஒருவரைத் தூரத்தில் நிறுத்திக் காரை மெல்ல ஓட்டிக்கொண்டு போய், எந்த இடத்தில் அவர் கண்ணில் படுகிறார் என்று காட்டுவார்கள். பிறகு அதே ஆளின் கையில் ரெஃப்லெக்ஸ் என்கிற, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டியைக் கட்டிவிட்டு மறுபடியும் காட்டுவார்கள். முதல்முறை பார்க்கிறவர் திடுக்கிடுவார். திடுக்கிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வகுப்பே.

தொடக்கத்தில் அல்பேர்ட்டும் அதை ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் எங்கள் சனத்துக்குக் குளிர் ஆகாது. பனியில் நின்று பல்லடித்த பெண்கள் "மாஸ்டர், உதைக் கொஞ்சம் சுருக்கேலாதே" என்று கேட்டார்கள். அவரும் சுருக்கினார். அடுத்த வருஷம் காரை விட்டு இறங்காமல் காட்டினார். அதற்கடுத்த வருஷம் அவருக்கே இடுப்பு வலி. கடைசியில், வகுப்பைப் புளொக்கின் அடியில் இருந்த நிலக்கீழ் ஹோலுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஹீற்றர் இருந்தது, கதிரை இருந்தது, பக்கத்திலேயே குசினியும் இருந்தது.

கரோலினாவும் இந்த வகுப்பில்தான் சேர்ந்தாள். வருஷக்கணக்காக லைசென்ஸ் வேண்டாம் என்று தட்டிக்கழித்தவள். வேலைக்குப் போகும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்பதால் வேறு வழியில்லாமல் சேர்ந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் சேலையும் கோட்டுமாக நேரே வந்துவிட்டார்கள். கரோலினா பூசைக்கும் போகாமல் காலையிலிருந்து றோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தாள். வகுப்புத் தொடங்கியபோது மத்தியானம். ஒஸ்லோவில் குளிர்காலத்தில் இருட்டுக்குப் பஞ்சமில்லை, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் வாசலுக்கே வந்திருக்கும். அதற்கும் யாருக்கும் பொறுமை இல்லை.

மாஸ்டர் லைற்றை நிறுத்தினார். ஹோலின் மூலையில் அவருடைய கூட்டாளி சற்குணம் கறுப்புக் கோட்டோடு நின்றார். மாஸ்டர் கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் காரின் விளக்குப் போலப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"இப்ப சற்குணத்தைத் தெரியுதோ?"

"தெரியுது மாஸ்டர். அவர்ட வண்டி வயிறுதான் முதல்ல தெரியுது," என்று யாரோ சொல்ல, ஹோல் முழுக்கச் சிரித்தது.

கிருஷ்ணகுமாரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கோயம்புத்தூர்க்காரி, கணினி வேலைக்கு வந்தவள். எங்கள் ஆட்கள் கதைப்பதில் பாதி அவளுக்கு விளங்காது என்று எங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், நிஜமா ரோட்ல போய்ப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டாள்.

"தங்கச்சி, இருட்டு எண்டால் எங்கையும் ஒண்டுதான்," என்றார் மாஸ்டர். "அங்கை குளிரும். இஞ்சை றோல்ஸ் இருக்கு."

அதற்கும் சிரித்தார்கள். குசினி வாசலில் நின்ற கரோலினாவும் சிரித்தாள். இதை மறைக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றதில் சற்குணம் எந்த மூலையில் நின்றார் என்பதைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் உலகத்துக்குத் தெரிந்திருக்காது. ஆனால் எங்கள் ஆட்கள் எதையும் பொன்னாடை இல்லாமல் முடிக்க மாட்டார்கள். நாலு பேர் கூடினால் தலைமையுரை, ஐந்தாவது ஆள் வந்தால் பொன்னாடை. சற்குணம் ஒரு மஞ்சள் பொன்னாடையைக் கொண்டுவந்து மாஸ்டருக்குப் போர்த்தி, "இருளில் ஒளி காட்டும் எங்கள் ஆசான்" என்று தொடங்கிக் கண் கலங்கப் பேசினார். பின்னால் பெரிய எழுத்தில் பதாகை: இருட்டு வகுப்பு நிறைவு விழா, திகதி, ஞாயிறு மதியம் ஒரு மணி, நிலக்கீழ் மண்டபம். எல்லாரும் வரிசையாக நின்று படம் பிடித்தார்கள். சற்குணம் அன்றே அதை முகநூலில் போட்டார். வெள்ளைக்காரருக்கும் விளங்கட்டும் என்று நொஸ்க்கிலும் எழுதினார். அதையும் எழுதச் சொன்னவர் மாஸ்டர்தான்.

படத்தில் ஹோலின் கதவு திறந்து கிடந்தது. அதற்கு வெளியே பனியில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

வசந்தத்தில் கரோலினா இரண்டாம் முறை ஓடிக்காட்டி லைசென்ஸ் எடுத்தாள். இலையுதிர் காலத்தில் அனுமதி கொடுத்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. படத்தை யார் பார்த்தார்கள், எப்படிப் போனது என்று அதில் ஒன்றும் இல்லை. படம்தான் இருந்தது, பொன்னாடையோடு. வகுப்பு விதிப்படி நடக்கவில்லை என்று உறுதியானால் மாஸ்டருடைய அனுமதி பறிக்கப்படும், படித்தவர்கள் எல்லாரும் வகுப்பைத் திரும்ப எடுக்க வேண்டும், விளக்கம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

"பொறாமை," என்றார் மாஸ்டர். "எங்கட ஆக்கள் முன்னேறுறது உவங்களுக்குப் பிடிக்காது."

"ஆருக்கு?" என்று கேட்டாள் கரோலினா.

"எல்லாருக்கும்தான்."

இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தார். அப்போது அவளுக்கு அவர்மேல் உண்மையிலேயே இரக்கம் வந்தது. அந்தத் தாள் போனால் இந்த மனிதனிடம் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பயந்தாள். பஸ்ஸுக்குத் திரும்பிப் போக வயதில்லை, வீட்டில் இருந்தால் நாள் முழுக்க அவளையே பழக்கத் தொடங்கிவிடுவார். தாள் சுவரில் இருக்க வேண்டும் என்று அவளும் செபித்தாள்.

மூன்றாம் நாள் மாஸ்டர் ஒரு கதையோடு எழும்பினார். மத்தியானம் நடந்தது விழா மட்டும். உண்மையான வகுப்பு அன்று பின்னேரம், இருட்டிய பிறகு, ஊருக்கு வெளியே காட்டு றோட்டில் நடந்தது. இதுதான் கதை. அலுவலகம் சிலருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கும் என்பதால், படித்தவர்களின் வீடு வீடாகப் போய்க் கதையைப் பழக்கினார். வகுப்பு எடுக்கக் குளிர்ந்தது, பொய்யைப் பழக்கக் குளிரவில்லை. கரோலினாவையும் கூட்டிக்கொண்டு போனார், ஒரு மரியாதைக்கு.

ஒவ்வொரு வீட்டிலும் அவள் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் சொல்லிக்கொடுப்பார். "பின்னேரம் போனனாங்கள். நல்ல குளிர். சற்குணம் கறுப்புக் கோட்டோட நிண்டவர். ஒரு எல்க் றோட்டுக்குக் குறுக்கை போனது எண்டும் சொல்லுங்கோ. அப்பதான் நம்புவாங்கள்."

எல்க் என்றால் இந்த நாட்டுக் காட்டில் திரியும் பெரிய மான். முதல் வீட்டில் அது சும்மா குறுக்கே போனது. நாலாவது வீட்டில் நின்று திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு ஒரு குட்டியும் சேர்ந்துகொண்டது. எல்லாரும் "ஓம் மாஸ்டர், சொல்லுவம்" என்றார்கள். ஹோலில் எந்தச் சுணக்கமும் இல்லாமல் சிரித்தவர்கள், இதற்கும் எந்தச் சுணக்கமும் இல்லாமல் தலையாட்டினார்கள். திரும்ப வகுப்பு எடுக்க யாருக்கும் விருப்பமில்லை என்பதுதான் அந்த விசுவாசத்தின் அடிவேர்.

கிருஷ்ணகுமாரி வீட்டில் மட்டும் கதை எடுபடவில்லை.

"சாரி சார். நானா போய் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டா நடந்ததத்தான் சொல்வேன்."

"ஏன் தங்கச்சி, ஒரு தமிழ்ச்சியா இருந்துகொண்டு..."

"தமிழ்ச்சியா இருந்துகிட்டுதான் சார் அன்னைக்கும் கேட்டேன். ரோட்ல போக வேண்டாமான்னு."

காரில் ஏறியதும் மாஸ்டர் அவளையும் அவள் ஊரையும் சேர்த்து வெளுத்து வாங்கினார். இந்தியாக்காரி காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று அன்றிலிருந்து ஒரே புலம்பல். ஆனால் அலுவலகம் தொலைபேசி எடுத்த நேரம் பார்த்து அவள் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தாள். அகப்பட்ட மற்றவர்கள் அத்தனை பேரும் எல்க்கைச் சொன்னார்கள். மாஸ்டர் கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். காணாமற்போன பொருளைத் தேடித் தருகிற புனிதரிடம், ஒரு ஆளைக் காணாமற்போக்கியதற்கு நன்றி சொன்ன மனிதர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கரோலினாவிடம் அவர் எதையும் கேட்கவில்லை, எதையும் பழக்கவும் இல்லை. வகுப்பில் அவளும் ஒரு மாணவி என்பதே அவருக்கு நினைவில்லை. அலுவலகமும் மனைவியை எதற்குக் கேட்பான் என்று விட்டுவிட்டது.

டிசம்பரில் அவரை நேரில் அழைத்தார்கள். அதற்கென்று புதிதாகக் கறுப்பு நீளக்கோட்டு, கறுப்புக் காற்சட்டை, கறுப்புத் தொப்பி, கறுப்புச் சப்பாத்து. புறப்படும்போது கரோலினா அலுமாரியைத் திறந்து, ரெஃப்லெக்ஸ் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். "அல்பேர்ட் சாரதிப் பயிற்சிப் பள்ளி" என்று பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சடித்து, விளம்பரத்துக்காக ஊருக்கெல்லாம் கொடுத்த பட்டி.

"இதைக் கையில கட்டிக்கொண்டு போங்கோ. வரேக்கை இருட்டிப் போடும்."

"விசர்க் கதை கதைக்காதை. புதுக் கோட்டில உதையே கட்டுறது? உது பழக வாற ஆக்களுக்கு."

பின்னேரம் நாலு மணிக்குத் தொலைபேசி எடுத்தார். குரலில் பழைய மாஸ்டர் முழுதாகத் திரும்பி வந்திருந்தார்.

"எல்லாற்றை கதையும் பொருந்துதாம். முடிவை எழுதி அனுப்புவினமாம். கேஸ் முடிஞ்சுது எண்டு வையன். நீ காரைக் கொண்டு ஸ்ரேசனுக்கு வா. புதுச் சப்பாத்து, இந்தச் சேத்துப் பனியில மேடேற ஏலாது."

கரோலினா காரை எடுத்தாள். பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. றோட்டு ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. துடைப்பான் அங்குமிங்கும் போக, அவள் மெல்லத்தான் ஓட்டினாள். அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தாள் சுவரில் இருக்கும், வீட்டில் இனிச் சோறு இறங்கும் என்று நினைத்துக்கொண்டு ஸ்ரேசன் வளைவில் திரும்பினாள்.

முன்னால் ஒன்றும் இல்லை. இதை அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள், ஒன்றும் இருக்கவில்லை. ஈர றோட்டும் கறுப்பும்தான். பிறகு திடீரென்று ஒரு முகம், தொப்பிக்குக் கீழே, காரின் மூக்கிலேயே. பிரேக்கை மிதித்தாள், உலக்கை போட்டாள். கார் வழுக்கிக்கொண்டு போய் அந்த ஆள்மேல் மோதியது. அந்தச் சத்தம் அவள் உள்ளங்கால் வழியாக ஏறியது.

இறங்கி ஓடினாள். நடைபாதை ஓரத்தில் சேத்துப் பனி குவிந்திருந்தது. சப்பாத்து நனையக் கூடாது என்று மாஸ்டர் அதைத் தாண்டி றோட்டில் இறங்கி நின்று கையைக் காட்டியிருக்கிறார். இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதே சேற்றில் கிடந்தார்.

"நான் உங்களைக் காணேல்லை," என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஐயோ, நான் உங்களைக் காணவே இல்லையப்பா."

"காணேல்லையோ? ஒரு மனிசன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறன், காணேல்லையோ? ஆரடி உனக்கு லைசென்ஸ் தந்தது?"

கரோலினா தொலைபேசியை எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

அம்புலன்ஸ் வந்தது. முழங்கால் உடைந்திருக்கிறது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். குளிர் ஏறாமல் இருக்க அவரை வெள்ளித்தாள் போர்வையால் கழுத்துவரை சுற்றித் தள்ளுகட்டிலில் கிடத்தினார்கள். பொலிஸும் வந்தது. இளம்பெண் ஒருத்தி, கரோலினாவைக் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தாள், எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்று கேட்டாள், எழுதிக்கொண்டாள். அவரைக் காணவில்லை என்றே கரோலினா திரும்பச் சொல்வதைக் கேட்டதும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கறுப்பு உடுப்பு, ரெஃப்லெக்ஸ் இல்லை, றோட்டில் நின்றிருக்கிறார். இருட்டு வகுப்பில் நீங்களே பார்த்திருப்பீர்கள், இப்படி நிற்கிற ஆள் எவ்வளவு கிட்ட வந்த பிறகு தெரிவார் என்று. ஒருமுறை பார்த்தால் யாருக்கும் மறக்காது."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். கரோலினாவுக்கு மறக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. நினைத்துப் பார்த்தால் எண்ணெய்ச் சட்டிதான் வந்தது, எல்லாரும் சிரித்த சிரிப்பு வந்தது. அதில் அவளுடைய சிரிப்பும் இருந்தது. ஒரு மனிதனைக் கொன்றிருப்பேன் என்ற நினைப்பு அப்போதுதான் அவளுக்குள் முழுதாக இறங்கியது. இவருக்குப் பதில் எவன் வீட்டுப் பிள்ளையாவது நின்றிருந்தால் என்று நினைத்துக் காரின் மூக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

தள்ளுகட்டிலில் இருந்து மாஸ்டர் தலையைத் தூக்கினார். வலியிலும் காது மட்டும் கூர்மையாக இருந்தது.

"கரோலினா," என்றார் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு. "காட்டு றோட்டு. எல்க்கையும் சொல்லு."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அவர்மேல் வராத கோபம் வந்தது. சீனி போடாத தேத்தண்ணியைக் குடித்த வாய்க்கு இதை மட்டும் விழுங்க முடியவில்லை.

"நான் அதைப் பார்க்கவில்லை," என்றாள் பொலிஸ்காரியிடம், தன் சமையலறை நொஸ்க்கில், ஒவ்வொரு சொல்லாக. "எங்களுக்கு ஹோலில் வைத்துத்தான் வகுப்பு. ஞாயிறு மத்தியானம். லைற்றை நிறுத்திவிட்டுக் காட்டினார். நான் றோல்ஸ் பொரித்தேன்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"அந்த வகுப்பை யார் நடத்தியது?" என்று பொலிஸ்காரி கேட்டாள்.

கரோலினா கையை நீட்டிக் காட்டினாள். அம்புலன்ஸின் நீல விளக்கு சுற்றச் சுற்ற, வெள்ளித்தாளுக்குள் கிடந்த மாஸ்டர் தலை முதல் கால் வரை மின்னிக்கொண்டிருந்தார். றோட்டின் அந்தக் கரையில் பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுவதும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.